இங்கிலாந்தில் எந்த பீச்சுக்குப் போவது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் பிறந்து நாலு நாள் வெயில் அடித்தால் போதும், எல்லா வாட்ஸப் குழுவிலும் "இந்தச் சனிக்கிழமை எந்த பீச் போகலாம்?" என்று யாராவது கேட்பார்கள். உடனே ஆளுக்கொரு படம் வந்து விழும், எந்தப் படத்துக்கு அதிக இதயம் விழுகிறதோ அந்த ஊருக்கு மூன்று கார்கள் கிளம்பிவிடும். அங்கே மணலா கல்லா, கழிப்பறை எவ்வளவு தூரம், மத்தியானம் ஒரு மணிக்குக் கடல் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் போய் இறங்கிய பிறகுதான் பார்ப்பார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கூட வருகிறவர்கள் யார், அப்புறம் கடல் எப்படிப்பட்டது, அப்புறம் போகிற வழி. படத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: யாரெல்லாம் வருகிறார்கள்?

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள் என்றால் செங்குத்தான படிக்கட்டு உள்ள எல்லா இடத்தையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். டார்செட்டில் இருக்கும் டர்டில் டோர் கல் வளைவைப் படத்தில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது, ஆனால் கார் நிறுத்துமிடம் மேலே குன்றின் மீது இருக்கிறது, கீழே இறங்கச் செங்குத்தான பாதையும் படிகளும், திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே கூட்டிப்போனால் அவர்கள் மேலேயே கார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கைக்குழந்தை, தள்ளுவண்டி என்றால் சாலையை ஒட்டி நீளமான நடைபாதை உள்ள கடற்கரை நகரம்தான் சரி. பதின்ம வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் அலை உள்ள இடமாகப் பார்க்கலாம். கூட்டத்தில் ஒருவருக்காவது நீச்சல் தெரியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், ஏனென்றால் நம்மில் பலருக்குக் கடல் என்றால் முழங்கால் வரை நனைப்பதுதான், அது இங்கேயும் போதும்.

மணலா, கூழாங்கல்லா?

நம் ஊரில் பீச் என்றாலே மணல். இங்கே அப்படி இல்லை. பிரைட்டனும் ஹேஸ்டிங்ஸும் கூழாங்கல் கரை. உட்கார நாற்காலியோ தடித்த பாயோ வேண்டும், வெறுங்காலோடு தண்ணீர் வரை நடப்பதே ஒரு வேண்டுதல் மாதிரி இருக்கும், பிள்ளைகள் வாளியும் சின்ன மண்வெட்டியும் கொண்டுபோனால் ஏமாந்துபோவார்கள். கல் கரைகளுக்கு இன்னொரு குணம் உண்டு: பல இடங்களில் சட்டென்று சரியும், இரண்டு மூன்று எட்டு வைப்பதற்குள் தரை காலுக்கு எட்டாது. டார்செட்டின் செசில் பீச் 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லாகவே கிடக்கிறது, மேற்கு முனையில் பட்டாணி அளவில் தொடங்கி போர்ட்லாந்து முனையில் கைப்பிடி அளவுக்கு வந்துவிடும். நின்று பார்க்க அற்புதமான இடம், குளிக்க அல்ல. அங்கே அலை இழுக்கிற இழுப்புக்கு நல்ல நீச்சல்காரர்களே பயப்படுவார்கள். கல் அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது, 1949ஆம் ஆண்டின் கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமாகலாம்.

பெயரைப் பார்த்தும் நம்பிவிடாதீர்கள். டெவனில் உள்ள 'பிளாக்பூல் சாண்ட்ஸ்' பெயருக்குத்தான் சாண்ட்ஸ், காலுக்கடியில் இருப்பது பொடிக்கல். கோபுரமும் ராட்டினங்களும் உள்ள பிளாக்பூல் வேறு, அது வடமேற்கில் லங்காஷயரில் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் ஊர்ப்பெயர் அடிக்கும்போது மாவட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்றமும் வற்றமும்: இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்

மெரினாவிலோ காரைநகரிலோ கடல் காலையில் இருந்த இடத்தில்தான் சாயங்காலமும் இருக்கும் என்று பழகியவர்கள் நாம். சென்னையில் ஏற்றத்துக்கும் (ஹை டைட்) வற்றத்துக்கும் (லோ டைட்) இடையே நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர், யாழ்ப்பாணத்தில் அதைவிடக் குறைவு. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் பெரிய ஏற்ற நாட்களில் அது ஆறு மீட்டர் அளவுக்குப் போகும். மேற்கே 'பிரிஸ்டல் சேனல்' என்ற கடல் பகுதியில் 12 மீட்டரையும் தாண்டும், உலகிலேயே மிகப் பெரிய ஏற்றவற்றங்களில் அது ஒன்று. தட்டையான கரையில் ஆறு மீட்டர் உயரம் வற்றினால் கடல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். அவ்வளவு தூரம் போன தண்ணீர் சில மணி நேரத்தில் திரும்பியும் வந்தாக வேண்டும்.

அது வருகிற விதம்தான் ஆபத்து. தட்டையான மணல் கரை பார்வைக்குத்தான் தட்டை, நடுவில் மேடும் பள்ளமுமாக இருக்கும். நீங்கள் ஒரு மேட்டில் நின்று பந்து விளையாடிக்கொண்டிருப்பீர்கள், முன்னால் கடல் தூரத்தில் அமைதியாகத் தெரியும், அதற்குள் உங்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் சத்தமில்லாமல் நிரம்பிவிடும். திரும்பி நடக்கத் தொடங்கும்போது இடுப்பளவு, பிறகு கழுத்தளவு. கிழக்கு சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் இப்படிப்பட்ட இடம். 2016 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அங்கே போன நம் தமிழ் இளைஞர்கள் ஐந்து பேர், நண்பர்கள், ஒரே நாளில் இறந்துபோனார்கள். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் யாரும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை, அதற்குப் பிறகுதான் நிறுத்தினார்கள். கேம்பருக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை, பொன்மணலும் மணற்குன்றுகளுமாக நல்ல கரைதான். ஏற்றவற்ற நேர அட்டவணையைப் பார்க்காமல் போகக் கூடாது.

அட்டவணை பார்ப்பது சுலபம். 'ஈஸிடைட்' என்ற தளத்தில் ஊர்ப்பெயரைப் போட்டால் அடுத்த ஏழு நாளைக்கு உயர் ஏற்றமும் தாழ் வற்றமும் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று இலவசமாகக் காட்டும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் என்பதால் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும், போன வாரம் போனவர் சொன்ன நேரம் இந்த வாரம் உதவாது. சில அட்டவணைகள் ஜிஎம்டி என்ற குளிர்கால நேரத்தில் இருக்கும், கோடையில் அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகமாக ஏறும், வற்றமும் அதிகமாக வற்றும். வீட்டில் நாள்காட்டி தொங்கினால் ஒரு பார்வை பார்த்துவிட்டே கிளம்பலாம்.

பார்த்ததை எப்படிப் பயன்படுத்துவது? தட்டையான மணல் கரைக்கு, உயர் ஏற்றம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேருகிற மாதிரி திட்டமிடுங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், ஈர மணல் விரிந்துகொண்டே போகும், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். தாழ் வற்ற நேரத்தைக் கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டு, அது அடித்ததும் எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சேறு உள்ள இடம் என்றால் இதற்கு நேர்மாறு, சௌத்எண்டில் ஏற்றம் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் கால் நனைக்க முடியும், வற்றிவிட்டால் கண்முன்னே பழுப்புச் சேறுதான். பின்னால் செங்குத்துப் பாறை உள்ள கரைகளில், கென்ட்டில் பாட்டனி பே, யார்க்‌ஷயரில் ராபின் ஹூட்ஸ் பே மாதிரி இடங்களில், ஓரமாக நடந்து போவதானால் தண்ணீர் இறங்கும்போது மட்டும் போங்கள். ஏறும்போது போனால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், வழி இல்லை.

இரண்டு இடங்களில் வற்றியிருக்கும்போது உள்ளே நடக்கவே வேண்டாம். ஒன்று வெஸ்டன்-சூப்பர்-மேர், மேலே மணலில் கழுதைச் சவாரி வரை எல்லாம் சரி, கடலைத் தேடிக் கீழே போனால் கால் புதைகிற சேறு. இன்னொன்று லங்காஷயர் பக்கம் மோர்கம் விரிகுடா. புதைமணலும் குதிரை வேகத்தில் வரும் ஏற்றமும் அங்கே உண்டு. 2004 பிப்ரவரியில் இரவு நேரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள்.

கொடியைப் பார்த்துத் தண்ணீரில் இறங்குங்கள்

புதிதாக வந்தவர்கள் முதல் சில முறை ஆர்என்எல்ஐ உயிர்காப்பாளர்கள் இருக்கும் கரைக்கு மட்டுமே போங்கள் என்பேன். 1824இல் தொடங்கிய தொண்டு அமைப்பு அது. பெரும்பாலான இடங்களில் கோடையில் காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை காவல் இருக்கும், எந்தக் கரையில் எந்தத் தேதி வரை என்று அவர்கள் தளத்திலேயே தேடலாம். மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி சறுக்குப் பலகைக்காரர்களுக்கு, அங்கே நீந்தினால் பலகை தலையில் இடிக்கும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை ஆடிக்கொண்டிருந்தால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, காற்றடைத்த மிதவை எதையும் எடுக்காதீர்கள். சொல்லப்போனால் அந்த யூனிகார்ன், அன்னப்பறவை மிதவைகளை எந்த நாளிலும் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவை நீச்சல் குளத்துக்கானவை. கப்பல் பாலம் மாதிரி கடலுக்குள் நீளும் 'பியர்' தூண்களுக்குப் பக்கத்தில் நீந்துவதையும் விட்டுவிடுங்கள், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கே உண்டாகும்.

குளிரையும் சொல்லியாக வேண்டும். மே மாதத்தில் வெளியே 25 டிகிரி வெயில் இருக்கும், கடல் 12 டிகிரியில் இருக்கும். தென் கரையில் தண்ணீர் 17, 18 டிகிரியைத் தொடுவதே ஆகஸ்டு, செப்டம்பரில்தான், நார்தம்பர்லாந்து பக்கம் அதைவிடச் சில டிகிரி குறைவு. 15க்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று குதித்தால் மூச்சு வாங்கும், கை கால் சொன்னபடி கேட்காது, அந்த ஒரு நிமிடத்தில்தான் பலரும் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். அப்படி ஆனால் நீந்தப் போராடாதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீரில் முழுகும்படி மல்லாந்து, மூச்சு சீராகும் வரை மிதந்தால் போதும். மற்றவர் தத்தளிப்பதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காமல் 999ஐ அழைத்து "கோஸ்ட்கார்ட்" என்று கேளுங்கள். ஜீன்ஸ், சுடிதாரோடு ஆழத்துக்குப் போக வேண்டாம், ஈரத் துணி இழுக்கிற கனம் கொஞ்சமல்ல. உடலோடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடையான வெட்ஸூட் வாடகைக்குக் கிடைக்கும் ஊர்களில் அதை எடுத்துக்கொண்டால் குளிருக்கும் நல்லது, உடல் மறைய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் வசதி.

தண்ணீர் சுத்தமா?

கேட்கச் சங்கடமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டும். இந்த நாட்டின் பல ஊர்களில் மழைத்தண்ணீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன, பெருமழை பெய்தால் நிரம்பி வழிந்து கடலில் கலக்கிறது. மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சுற்றுச்சூழல் முகமை குளிக்கும் இடங்களில் தண்ணீரைச் சோதித்து, மிகச் சிறப்பு, நன்று, போதுமானது, மோசம் என்று நான்கு தரம் கொடுக்கிறது. 'ஸ்விம்ஃபோ' என்ற அரசுத் தளத்தில் ஊர்ப்பெயர் போட்டால் தெரியும். நல்ல தரம் வாங்கிய இடமாக இருந்தாலும் பலத்த மழைக்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீரில் இறங்காமல் மணலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

போகிற வழி

கார் இல்லாதவர்களுக்கு நல்ல செய்தி, லண்டனிலிருந்து ரயிலிலேயே நிறைய கரைகளைத் தொடலாம். விக்டோரியாவிலிருந்து பிரைட்டன் ஒரு மணி நேரம் போல, ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து சௌத்எண்ட் அதே அளவு, செயின்ட் பான்க்ராஸிலிருந்து மார்கேட் ஒன்றரை மணி, வாட்டர்லூவிலிருந்து போர்ன்மத் இரண்டு மணி. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் பல ரயில் நிறுவனங்களில் 'குரூப்சேவ்' என்று மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. கேட்டு வாங்குங்கள், இரண்டு குடும்பம் சேர்ந்தாலே நல்ல மிச்சம்.

காரில் போவதானால் வெயில் நாளில் காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும். மேற்கு சசெக்ஸில் வெஸ்ட் விட்டரிங் அருமையான மணல் கரை, ஆனால் காருக்கு முன்பதிவு செய்யாமல் கிளம்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆகஸ்டு கடைசித் திங்கள் வங்கி விடுமுறையில் எந்தக் கரைக்கும் காரில் போகாதீர்கள் என்பது என் கட்சி, வீட்டில் பிரியாணி போட்டுத் தோட்டத்தில் சாப்பிடலாம்.

சரி, எங்கேதான் போவது?

முதல் முறை என்றால் போர்ன்மத். யோசிக்கவே வேண்டாம். பல மைல் நீளத்துக்கு மெல்லிய மணல், நடைபாதை, உயிர்காப்பாளர்கள், கழிப்பறை, ரயில் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியமாக அங்கே ஏற்றவற்ற வித்தியாசம் இரண்டு மீட்டர் போலத்தான், அதனால் கடல் நம் ஊர்க் கடல் மாதிரி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே புதிதாக வந்தவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கூட்டம் இருக்கும், அது ஒன்றுதான் குறை. ரயில் நிலையத்திலிருந்து கடலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், பெரியவர்கள் இருந்தால் பஸ் பிடியுங்கள்.

சின்னக் குழந்தைகளோடு கென்ட்டில் மார்கேட் அல்லது பிராட்ஸ்டேர்ஸ். மார்கேட்டில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மணல், இதைவிட வசதி கிடையாது. பெரியவர்களுக்கு சௌத்எண்ட், அங்கே கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாலத்தில் குட்டி ரயிலில் உட்கார்ந்தே போய் வரலாம், இந்த வகையில் உலகிலேயே நீளமானது அது. ராட்டினம், விளக்கு, சத்தம் வேண்டும் என்றால் பிளாக்பூல். 1894இல் திறந்த கோபுரம் இன்னும் நிற்கிறது, கோடை முடியும் நேரத்தில் தொடங்கும் விளக்கலங்காரத்தைப் பார்க்க வடக்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது போவார்கள். கூட்டமே வேண்டாம் என்றால் நார்ஃபோக்கில் ஹோல்க்கம், பைன் மரங்களைத் தாண்டி விரிகிற மணலில் அடுத்த குடும்பம் எறும்பளவுதான் தெரியும். கழிப்பறை தூரம் என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அதே நார்ஃபோக்கில் ஹன்ஸ்டன்டன் கிழக்குப் பக்க ஊராக இருந்தும் மேற்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, கடலில் சூரியன் மறைவதை அங்கே பார்க்கலாம்.

கார்ன்வால் ஒரு நாளில் போய் வரும் இடமல்ல, லண்டனிலிருந்து ரயிலிலேயே ஐந்து மணி நேரம். மூன்று நாளாவது ஒதுக்கி, செயின்ட் எர்த்தில் மாறி செயின்ட் ஐவ்ஸுக்குப் போகும் அந்தக் குட்டி ரயில் பாதையில் வலப்பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள். குளிர்காலத்தில் போக விரும்புகிறவர்களுக்கு டார்செட்டின் சார்மத், புயல் ஓய்ந்த பிறகு கரையில் பாறை சரிந்து புதைபடிவங்கள் வெளிவரும், அம்மோனைட்டுகள் என்ற பழங்காலக் கடலுயிர்களின் சுருள் சுருளான ஓடுகளைப் பிள்ளைகளே பொறுக்கலாம். பக்கத்து ஊர் லைம் ரீஜிஸில் பிறந்த மேரி ஆனிங் 1800களின் தொடக்கத்தில் இக்தியோசார் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனவின் எலும்புகளைத் தேடியெடுத்தது இந்தக் கரையோரத்தில்தான். பாறைக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள், அது இன்னும் சரிந்துகொண்டேதான் இருக்கிறது.

பையும் சாப்பாடும்

காற்றுத் தடுப்புத் துணி ஒன்றை வாங்கிவிடுங்கள். நாலைந்து குச்சியில் கோத்த கோடு போட்ட துணி, கடற்கரைக் கடைகளில் தொங்கும், குச்சியை அடிக்கச் சின்ன மரச் சுத்தியலும் வாங்க வேண்டும். முதலில் பார்க்கும்போது இது எதற்கு என்று தோன்றும், புளிச்சாதத்தில் மணல் விழுந்த பிறகு புரியும். தண்ணீரில் போடுகிற ரப்பர் செருப்பும் வேண்டும், கல்லுக்கு மட்டுமல்ல, வற்றிய மணலில் புதைந்திருக்கும் வீவர் என்ற சிறு மீனின் முள்ளுக்கும். குத்திவிட்டால் காலைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும், உயிர்காப்பாளர்களிடம் போனால் பார்த்துக்கொள்வார்கள்.

மீனும் சிப்ஸும் சாப்பிடாமல் திரும்பக் கூடாது, ஆனால் சைவக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஒன்று கேட்க வேண்டும். விட்பி, ஸ்கார்பரோ என்று யார்க்‌ஷயர்ப் பக்கக் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸும் அதே சட்டியில்தான். "பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா?" என்று கவுன்டரில் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய், அங்கேயும் கேட்டுவிடுவது நல்லது.

வாங்கிய பொட்டலத்தைத் திறந்தபடியே நடக்காதீர்கள். செயின்ட் ஐவ்ஸ், பிரைட்டன் மாதிரி ஊர்களில் கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும், நம் ஊர்க் காக்கையெல்லாம் இவற்றிடம் பாடம் படிக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், பக்கத்தில் வந்து நின்றால் அதன் கண்ணையே பாருங்கள். உற்றுப் பார்த்தால் அது நெருங்கத் தயங்குகிறது என்று எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2019இல் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.